வலப்பக்கம் ஓடும் பந்து: கோல்ஃப் கேள்வி பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களைப் பிரித்தால் பெரும்பாலானவை ஒரே வேதனையைச் சொல்கின்றன. டிரைவரை (அதிக தூரம் அடிக்கும் நீளமான மட்டை) எடுத்து ஆசையாக அடிக்கிறார்கள், பந்து பாதி தூரம் ஒழுங்காகப் போகிறது, அப்புறம் வலப்பக்கம் வளைந்து மரங்களுக்குள் மறைந்துவிடுகிறது. ஸ்லைஸ். கிண்டி குதிரைப் பந்தயத் திடலுக்குள் இருந்த கோல்ஃப் மைதானத்தில் ஆடுகிறவர்களுக்குக் கேடியாகப் பை தூக்கிய வயதிலிருந்து, பயிற்சித் திடலில் சொல்லிக்கொடுக்கும் இன்றுவரை நான் அதிகம் பார்த்த தவறு இதுதான். இந்த ஒன்றினால் ஆட்டத்தையே விட்டுவிட்டுப் போனவர்களையும் பார்த்திருக்கிறேன். அதனால் இந்த இதழ் முழுவதையும் இதற்கே கொடுத்துவிட்டேன். பதில்கள் வலது கைக்காரர்களுக்கானவை. இடது கைக்காரர்களுக்குக் கீழே தனியாக ஒரு பதில் உண்டு.

கேள்வி: எனக்கு 61 வயது. வங்கி வேலையில் ஓய்வு பெற்ற பிறகு கோல்ஃப் கற்றுக்கொண்டேன், இரண்டு வருடமாகிறது. டிரைவர் அடித்தால் பந்து கொஞ்சம் இடப்பக்கமாகக் கிளம்பி, பிறகு வலப்பக்கம் பெரிதாக வளைகிறது. ஒரு ஆட்டத்துக்கு நாலைந்து பந்து தொலைகிறது. இடப்பக்கம் திரும்பி நின்று அடித்தேன், இன்னும் மோசமாகிவிட்டது. கூட ஆடுகிறவர்கள் ‘தலையைத் தூக்காதீர்கள்’, ‘மெதுவாக அடியுங்கள்’ என்கிறார்கள். எதைக் கேட்பது?
(வேளச்சேரி வாசகர்)

பதில்: ஐயா, ‘கொஞ்சம் இடப்பக்கமாகக் கிளம்பி’ என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த மூன்று சொல்தான் எனக்கு வேண்டியிருந்தது. பலரும் பந்து எங்கே போய் விழுந்தது என்று மட்டும்தான் சொல்வார்கள். எப்படிக் கிளம்பியது என்று கேட்டால் முழிப்பார்கள்.

பந்து எந்தத் திசையில் கிளம்புகிறது என்பதைப் பெரும்பாலும் முடிவு செய்வது கிளப்பின் முகம், அதாவது மட்டையின் அடிக்கும் பரப்பு. அடிபடும் நொடியில் அது எங்கே பார்க்கிறதோ, ஏறக்குறைய அங்கேதான் பந்து கிளம்பும். டிரைவரில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் முகத்தின் பொறுப்பு. பிறகு காற்றில் பந்து வளைவது, முகம் பார்க்கும் திசைக்கும் கிளப் வந்த பாதைக்கும் உள்ள வித்தியாசத்தால். பாதையைவிட முகம் வலப்பக்கம் பார்த்தால் பந்து வலப்பக்கம் வளையும். உங்கள் பந்து இடப்பக்கம் கிளம்புவதால், முகம் இலக்குக்குச் சற்று இடப்பக்கமாகவே பார்க்கிறது. அப்படியும் வலப்பக்கம் வளைகிறது என்றால், கிளப் வரும் பாதை அதைவிட நிறைய இடப்பக்கம் போகிறது. வெளியிலிருந்து உள்ளே வெட்டுகிறீர்கள்.

முன்பெல்லாம் இதை நாங்கள் மாற்றிச் சொல்லிக்கொடுத்தோம். பாதை எந்தப் பக்கமோ அங்கே பந்து கிளம்பும், முகம் எந்தப் பக்கமோ அங்கே போய் முடியும் என்று. ரேடார் வைத்துப் பந்தை அளக்கும் கருவிகள் பரவிய பிறகுதான் அது தவறு என்று எல்லாரும் ஒப்புக்கொண்டோம். பழைய முறையில் கற்றவர்கள் இன்னும் அதையே சொல்வார்கள். அவர்களோடு சண்டை வேண்டாம், உங்கள் பந்து கிளம்பும் திசையை மட்டும் கவனித்துக்கொண்டே இருங்கள்.

வளைவு ஏன் வருகிறது என்பதற்கு மாட்டு வண்டியின் அச்சை நினைத்துக்கொள்ளுங்கள். அடிபட்ட பந்து பின்னோக்கிச் சுழன்றபடி போகிறது. அந்தச் சுழற்சிதான் பந்தைக் காற்றில் தூக்கி நிறுத்துகிறது. அச்சு மட்டமாக இருந்தால் தூக்கல் நேர் மேலே. முகமும் பாதையும் ஒத்துப்போகாதபோது அச்சு ஒரு பக்கம் சாய்கிறது, தூக்கலும் அந்தப் பக்கமே சாய்ந்து பந்தை இழுத்துக்கொண்டு போகிறது.

இப்போது நீங்கள் இடப்பக்கம் திரும்பி நின்ற கதை. கால், தோள் எல்லாம் இடப்பக்கம் திரும்பியதும் கிளப்பின் பாதையும் இன்னும் இடப்பக்கம் போய்விட்டது. ஆனால் இலக்கு நடுவில்தான் இருக்கிறது என்று கைக்குத் தெரியும். பந்தை அங்கே அனுப்ப, கை தானாகவே முகத்தைத் திறந்து, அதாவது வலப்பக்கம் பார்க்கும்படி, பிடிக்கும். பாதை ஒரு பக்கம், முகம் ஒரு பக்கம். இடைவெளி கூடக் கூட வளைவும் கூடும். வலப்பக்கம் போய்விடுமோ என்ற பயத்தில் இன்னும் இழுப்பீர்கள், இழுக்க இழுக்க இன்னும் வெட்டு விழும். இந்தச் சுழலில் வருடக்கணக்கில் மாட்டிக்கொண்டவர்கள் உண்டு, ஐயா. நீங்கள் இரண்டு வருடத்திலேயே கேட்டுவிட்டீர்கள்.

கிண்டியில் எனக்கு மூத்த கேடி ஒருவர் இருந்தார். பை யாருடையதாக இருந்தாலும், ஆடுகிறவர் அயர்ன் (இரும்புத் தலை மட்டை) அடித்ததும் எல்லாரும் பந்தைப் பார்க்க, இவர் மட்டும் குனிந்து தரையைப் பார்ப்பார். புல் பெயர்ந்த தடம் இலக்கைப் பார்த்து நீள்கிறதா, இடப்பக்கம் கோணிக்கொண்டு போகிறதா என்று. ‘பந்து காற்றில் போய்விடும், பள்ளம் இங்கேயேதான் இருக்கும்’ என்பார். நான் இன்றைக்கும் புதிதாக வருகிறவரை முதலில் 7 அயர்னால் பத்துப் பந்து அடிக்கச் சொல்லி, தடத்தைத்தான் பார்க்கிறேன். உங்களுடைய தடம் இடப்பக்கம் கோணியிருக்கும் என்று பார்க்காமலே சொல்வேன்.

சரி, திருத்தம். பாதைதான் அதிகம் கோணியிருக்கிறது, ஆனாலும் முதலில் முகத்தைத்தான் திருத்த வேண்டும். இதில் நான் பிடிவாதக்காரன். பாதையைவிட முகம் திறந்தே இருக்கும்வரை உங்கள் உடம்பு பாதையை மாற்றச் சம்மதிக்காது. பாதையைவிட அதே அளவு திறந்த முகத்தோடு பாதையைச் சரியாக்கினால் பந்து நேரடியாக வலப்பக்கமே பறக்கும். உடனே பயந்து பழைய வெட்டுக்கே திரும்பிவிடுவீர்கள். பந்து இடப்பக்கம் போகத் தொடங்கினால், இப்படி இழுக்கக் கூடாது என்று உடம்பே புரிந்துகொள்ளும்.

முகத்தைத் திருத்துவது கிரிப்பில், அதாவது கிளப்பைப் பிடிக்கும் முறையில், ஆரம்பிக்கிறது. எழுந்து நின்று இடது கையைத் தளர்வாகத் தொங்கவிடுங்கள். பெரும்பாலானவர்களுக்குப் புறங்கை கொஞ்சம் முன்பக்கம் தெரியும்படி தொங்கும். அதே கோணத்தில் கையைக் கிளப்புக்குக் கொண்டுவாருங்கள். பிடி உள்ளங்கையில் அல்ல, விரல்களின் அடியில் குறுக்காக உட்கார வேண்டும். குனிந்து பார்த்தால் இடது கையில் இரண்டு முட்டி தெளிவாகவும் மூன்றாவது கொஞ்சமும் தெரிய வேண்டும். உங்களுக்கு இப்போது ஒன்றுதான் தெரியும் என்று நினைக்கிறேன். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் விழும் மடிப்பு வலது தோளைக் காட்ட வேண்டும். வலது கையின் மடிப்பும் அதே தோளுக்கு.

இதில் எல்லாரும் செய்யும் ஒரு பிழை உண்டு. கையைப் புதிய மாதிரி வைத்துவிட்டு, முகத்தை மறுபடி திறந்து பழைய நிலைக்கே திருப்பிவிடுவார்கள். அதனால் முதலில் கிளப்பைத் தரையில் வைத்து, முகம் இலக்கை நேராகப் பார்க்கட்டும். பிறகு கை.

அழுத்திப் பிடிக்கவும் கூடாது. கோயிலில் தொன்னை நிறையப் பானகம் கொடுத்தால் எப்படிப் பிடிப்பீர்கள்? சிந்தவும் கூடாது, தொன்னை நசுங்கவும் கூடாது. அந்த அளவுதான். இறுக்கிப் பிடித்தால் முன்கை உருளாது, முகம் மூடாது.

புதிய கிரிப் ஒரு வாரம் அசிங்கமாகத்தான் தோன்றும். பந்து இடப்பக்கம் பாயும். அது நல்ல சகுனம், தயவுசெய்து கையைப் பழையபடி மாற்றிவிடாதீர்கள். என்னிடம் வருகிறவர்கள் பாதிப்பேர் இந்த இடத்தில்தான் கைவிடுகிறார்கள். ஒரு படி தாண்டினால் போதும் என்ற இடத்தில் அவர்கள் திரும்பிப் போவதைப் பார்க்க எனக்கு உண்மையிலேயே மனசு கேட்பதில்லை.

இதோடு இன்னொன்றும் பாருங்கள். கிளப்பை மேலே கொண்டுபோய் நிறுத்தும்போது இடது மணிக்கட்டு பின்பக்கம் மடிந்து கிண்ணம் மாதிரி குழிகிறதா? அப்படியென்றால் முகம் அங்கேயே திறந்துவிட்டது. பேரப் பிள்ளைகளின் ஸ்கேல் ஒன்றை வாட்ச் பட்டைக்குள் புறங்கைப் பக்கம் நீளும்படி செருகி, கண்ணாடி முன் மெதுவாக வீசிப் பாருங்கள். மணிக்கட்டு குழிந்தால் ஸ்கேல் கையைக் குத்தும். வீட்டிலேயே செய்யலாம், பந்து தேவையில்லை.

பத்து நாள் கழித்துப் பாதைக்கு வாருங்கள். 7 அயர்ன், தாழ்வான டீ (பந்தைத் தாங்கும் சின்ன ஆணி), இடுப்பிலிருந்து இடுப்புவரை மட்டும் அரை வீச்சு. பின்னால் இடுப்பு உயரத்தில் கிளப்பின் மூக்கு (தலையின் நுனி) வானத்தைப் பார்க்கிறதா, முன்னாலும் அதேபோல் பார்க்கிறதா என்று கவனியுங்கள். வலது காலை ஒரு சாண் பின்னால் தள்ளி நின்று அடியுங்கள். அப்படி நின்றால் வெட்டுவதே சிரமம். பிறகு ஒரு துண்டை நான்காக மடித்து, பந்துக்குச் சற்றுப் பின்னால், உங்களுக்கு எதிர்ப்பக்கமாக ஒரு சாண் தள்ளிப் போடுங்கள். வெளியிலிருந்து வந்தால் கிளப் துண்டில் படும். யாரும் சொல்ல வேண்டாம், துண்டே சொல்லிவிடும். கட்டை, செங்கல் எதுவும் வைக்காதீர்கள், மணிக்கட்டு போய்விடும்.

மேலிருந்து இறங்கும்போது வலது தோளை முன்னால் தள்ளுவதுதான் வெட்டின் பிறப்பிடம். இடுப்பு முதலில் திரும்பட்டும், தோள் ஒரு கணம் காத்திருக்கட்டும். இதற்கு மேல் எழுத்தில் சொல்ல முடியாது, நேரில் யாராவது பார்க்க வேண்டும்.

தலையைத் தூக்காதே என்பதை மறந்துவிடுங்கள். அதனால் ஸ்லைஸ் வருவதில்லை. மெதுவாக அடிப்பது வளைவைக் குறைக்கலாம், ஏனென்றால் பந்தே குறைவாகப் போகும்.

கேள்வி: அயர்ன் எல்லாம் நன்றாகப் போகிறது. டிரைவர் மட்டும்தான் ஸ்லைஸ் ஆகிறது. டிரைவருக்குத் தனி வீச்சா?
(அண்ணா நகர் வாசகி)

பதில்: தனி வீச்சு இல்லை, அம்மா. அதே தவறு டிரைவரில் பெரிதாகத் தெரிகிறது. 9 அயர்னின் முகம் நன்றாகச் சாய்ந்திருப்பதால் பின்சுழற்சி ஏராளம். கொஞ்சம் கோணல் இருந்தாலும் அச்சு அதிகம் சாயாது. டிரைவரின் சாய்வு பெரும்பாலும் 9 முதல் 12 டிகிரிதான். அதே கோணல் அங்கே அச்சை நிறையச் சாய்த்துவிடும். நீளத்தையும் பாருங்கள். 7 அயர்ன் 37 அங்குலம் அளவில் இருக்கும், டிரைவர் 45 அங்குலம். முகத்தை நேராகக் கொண்டுவர அவ்வளவு நீளக் கம்பு சிரமம்தானே.

இன்னும் இரண்டு இடம் சோதியுங்கள். ஒன்று, பந்தை எங்கே வைக்கிறீர்கள். இடது குதிகாலுக்கு நேராக இருக்க வேண்டும். அதைவிட முன்னால் வைத்தால் எட்டிப் பிடிக்கத் தோள் தானாக இடப்பக்கம் திறந்துகொள்ளும், வெட்டு வந்துவிடும். இரண்டு, முகத்தில் பந்து எங்கே படுகிறது. டிரைவர் முகத்தில் லேசாக டால்கம் பவுடர் தடவி ஐந்து பந்து அடியுங்கள். தடம் நடுவில் இல்லாமல் கம்புப் பக்கமாக, அதாவது குதிகால் பக்கம் விழுந்தால், உங்கள் வீச்சு சரியாக இருந்தாலும் பந்து வலப்பக்கம் வளையும். டிரைவர் தலையின் எடை முகத்துக்குப் பின்னால் தள்ளி இருப்பதால் வருவது இது. அயர்னில் இந்த விளைவு மிகக் குறைவு. அப்படியென்றால் கிரிப்பைத் தொடவே வேண்டாம். பந்திலிருந்து அரை அங்குலம் தள்ளி நில்லுங்கள்.

கேள்வி: கோவையில் லீக் கிரிக்கெட் ஆடியவன் நான், வயது 26. கிரிக்கெட்டில் நல்ல ஸ்ட்ரெயிட் டிரைவ் எனக்கு. கோல்ஃபில் பந்து அசையாமல் நிற்கிறது, அதைக்கூட நேராக அடிக்க முடியவில்லை. ஏன் அண்ணா?
(சிங்காநல்லூர் வாசகர்)

பதில்: அந்த ஸ்ட்ரெயிட் டிரைவ்தான் காரணம், தம்பி. இடது முழங்கையை உயர்த்தி, மட்டையின் முழு முகத்தையும் பந்து வரும் கோட்டிலேயே வைத்திருக்கப் பல வருடம் பழகியிருக்கிறீர்கள். கிரிக்கெட்டில் அது அழகு. கோல்ஃபில் முழங்கை உயர்ந்தால் முன்கை உருளாது, முகம் திறந்தே நிற்கும்.

ஆனால் உங்களிடம் வேறொரு அடியும் இருக்கிறது. குட்டைப் பந்தைப் புல் ஷாட் அடிக்கும்போது, பந்து மேலே எழும்பாமல் இருக்க மணிக்கட்டை உருட்டி அடிப்பீர்கள் அல்லவா? அந்த உருட்டல்தான் வேண்டும். டிரைவரை இடுப்பு உயரத்தில் மட்டமாக நீட்டி, அங்கே ஒரு குட்டைப் பந்து வருவதாக நினைத்துப் பத்து முறை வீசுங்கள். வலது முன்கை இடது முன்கையின் மேல் உருண்டு போவது தெரியும். அதன் பிறகு அப்படியே கொஞ்சம் கொஞ்சமாகக் குனிந்து, அதே உணர்வோடு தரையில் இருக்கும் பந்தை அடியுங்கள். கிரிக்கெட்டிலிருந்து வந்த எத்தனையோ பேருக்கு இதைத்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். உங்களைப் போன்றவர்களிடம் கை வேகம் ஏற்கெனவே இருக்கிறது. அதைப் புதிதாக யாருக்கும் கொடுக்க முடியாது, அதனால் உங்களைப் பற்றி எனக்குக் கவலையே இல்லை.

கேள்வி: ஸ்லைஸ் ஆகாத டிரைவர் என்று கடையில் காட்டுகிறார்கள். வாங்கலாமா?
(பெங்களூரு வாசகர்)

பதில்: எடையைக் குதிகால் பக்கம் தள்ளிச் செய்த டிரைவர்கள் அவை. முகம் சீக்கிரம் மூட உதவும், வளைவு கொஞ்சம் குறையும். நோய் போகாது. பழைய டிரைவரை மாற்றும் நேரம் வந்திருந்தால் வாங்குங்கள், சாய்வு அதிகமுள்ளதாகக் கேளுங்கள். 12 டிகிரி என்றால் வெட்கப்பட ஒன்றுமில்லை. கம்பு உங்கள் வேகத்துக்கு மிக விறைப்பாக இருக்கிறதா என்றும் பாருங்கள்.

ஆனால் கடைக்குப் போவதற்கு முன் உங்கள் பழைய கிளப்பின் பிடியைத் தொட்டுப் பாருங்கள். பளபளவென்று வழுக்குகிறதா? வேர்வையும் எண்ணெயும் ஏறிய பிடி வழுக்கும், வழுக்கினால் கை இறுக்கும், இறுக்கினால் முகம் திறக்கும். வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் சோப்பைக் கலந்து, பழைய பல் துலக்கும் பிரஷால் தேய்த்து, நிழலில் காயவையுங்கள். மாதம் ஒரு முறை. பையில் ஒரு தேங்காய்ப்பூத் துண்டு எப்போதும் இருக்கட்டும், ஒவ்வொரு அடிக்கும் முன்னால் கையைத் துடையுங்கள். சென்னை வெயிலில் பழகிய எனக்கு இது இரண்டாவது இயல்பாகிவிட்டது. தேய்ந்து போயிருந்தால் பிடியை மாற்றிவிடுங்கள், உங்கள் கைக்கு மிகப் பருமனான பிடி வேண்டாம்.

கேள்வி: என் மகளுக்கு 13 வயது, இடது கைக்காரி. பந்து இடப்பக்கம் வளைகிறது. எல்லாரும் வலது கைக்கே சொல்லிக்கொடுப்பதால் குழம்புகிறாள். வலது கைக்கு மாற்றிவிடலாமா?
(திருச்சி வாசகி)

பதில்: மாற்றாதீர்கள் அம்மா. அவளுக்கு இடப்பக்கம் வளைவதுதான் ஸ்லைஸ். எதிரில் ஒரு வலது கைக்காரரை நிறுத்தி, கண்ணாடியில் பார்ப்பது போலப் பார்த்து ஆடச் சொல்லுங்கள், குழப்பம் போய்விடும். முட்டி எண்ணுவது வலது கையில், மடிப்பு காட்ட வேண்டியது இடது தோளை.

அவளிடம் அமெரிக்க ஆட்டக்காரர் பப்பா வாட்சனின் கதையைச் சொல்லுங்கள். அவரும் இடது கைக்காரர். 2012 மாஸ்டர்ஸ் போட்டி சமனாகி, பிளே ஆஃபின் இரண்டாவது குழியில் பந்து மரங்களுக்குள் போய்விட்டது. 52 டிகிரி சாய்வுள்ள வெட்ஜ் மட்டையை எடுத்துப் பந்தைப் பெரிதாக வளைத்து கிரீனில் (குழி இருக்கும் புல்தரையில்) போட்டு, பட்டத்தை வென்றார். அது ஸ்லைஸுக்கு எதிர்ப்பக்க வளைவு, இடது கைக்காரருக்கு வலப்பக்கம். அன்று அவர் வேண்டுமென்றே செய்ததும் முகத்துக்கும் பாதைக்கும் உள்ள அதே வித்தியாசம்தான். 13 வயதில் அந்தக் காட்சியைப் பார்த்தால் அவளுக்கு வளைவின் மேல் இருக்கும் பயம் போய்விடும்.

கேள்வி: 70 வயதில் இனி எதற்குத் திருத்தம்? ஸ்லைஸோடே ஆடிவிட்டுப் போகிறேன். தவறா?
(சிங்கப்பூர் வாசகர்)

பதில்: தவறே இல்லை, ஐயா. அமெரிக்க ஆட்டக்காரர் பென் ஹோகன் இடப்பக்கம் வளையும் ஹூக்கோடு பல வருடம் போராடி, கிரிப்பில் கையை இடப்பக்கம் திருப்பி வைத்து, வலப்பக்கம் லேசாக வளையும் ஃபேடை வைத்துக்கொண்டார். 1949 கார் விபத்துக்குப் பிறகு 1950 அமெரிக்க ஓப்பனை வென்றதும் அவரே. லீ டிரெவினோவும் ஃபேடை வைத்தே பெரிய ஆட்டக்காரர் ஆனார். வலப்பக்கம் வளைவது குற்றமில்லை, எவ்வளவு வளையும் என்று உங்களுக்குத் தெரியாமல் இருப்பதுதான் தொல்லை. ஒரு நாள் பத்து மீட்டர், மறுநாள் நாற்பது மீட்டர் என்றால் எங்கே குறி வைப்பீர்கள்?

அதனால் கிரிப்பை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள், வீச்சைத் தொட வேண்டாம். நாற்பது பதினைந்தானால் போதும். அப்புறம் டீ திடலின் (முதல் அடி அடிக்கும் இடம்) வலது ஓரத்தில் பந்தை வைத்து, ஃபேர்வேயின் (நடுவில் புல் வெட்டிய பாதை) இடது பாதியில் ஒரு மரத்தையோ மணல் குழியின் விளிம்பையோ இலக்காக வையுங்கள். காலும் தோளும் அந்த இலக்குக்கு நேராகவே இருக்கட்டும், அதையும் தாண்டி இடப்பக்கம் திறக்க வேண்டாம். அடித்த பந்து தொலைந்திருக்கலாம் என்று தோன்றினால், தேடப் போகும் முன்பே ‘புரொவிஷனல் பந்து (தற்காலிகப் பந்து) அடிக்கிறேன்’ என்று கூட ஆடுகிறவர்களிடம் சொல்லிவிட்டு இன்னொன்று அடித்துவிடுங்கள். 2019 விதிப்படி தேட மூன்று நிமிடம்தான். வெயிலில் டீ வரைக்கும் திரும்பி நடக்கிற வேலை மிச்சமாகும்.